திடீர் மரணத்துக்குப் பின்: அமெரிக்காவில் விசாவில் வாழும் குடும்பத்துக்கு உதவ வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எச்-1பி விசாவில் வேலை செய்யும் கணவர், அவரைச் சார்ந்த எச்-4 விசாவில் மனைவி, இங்கே பிறந்த ஒன்றோ இரண்டோ குழந்தைகள், ஊரில் வயதான பெற்றோர். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நள்ளிரவில் வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட குடும்பத்தைப் பற்றியவை. மாரடைப்பு, சாலை விபத்து, ஏரியில் மூழ்கியது என்று காரணம் மாறும், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் அதே பதில்களைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதிவைத்தேன். கணவர் இறந்ததாக வைத்தே எழுதியிருக்கிறேன். வேலை விசாவில் இருந்த மனைவி இறந்தால் கணவருக்கும் இவையே பொருந்தும். நான் சட்டம் படித்தவன் அல்லன். விசா தொடர்பான பதில்களை, குடியேற்ற வழக்கறிஞரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி இப்பதான் வந்துச்சு. முதல்ல என்ன செய்யணும்?

இருவர் மட்டும் வீட்டுக்குப் போங்கள். அவர்களில் ஒருவர் அந்த மனைவிக்குப் பழக்கமான பெண்ணாக இருக்கட்டும். குழந்தைகளை அவர்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அன்றிரவு தங்கவைக்கலாமா என்று தாயிடம் கேட்டுச் செய்யுங்கள். பிறகு கணவரின் கடவுச்சீட்டு, விசா ஒப்புதல் தாள் (ஐ-797), திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், காப்பீட்டுத் தாள்கள் ஆகியவற்றை ஒரே பையில் சேர்த்து மனைவியின் கண்முன்னே வையுங்கள்.

பலரும் மறந்துவிடுவது கணவரின் கைப்பேசி. அதைச் சார்ஜில் போட்டுவையுங்கள். பணம் மிச்சமாகும் என்று இணைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். வங்கி, மின்சாரம், வாடகை, ஊரில் இருக்கும் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். இந்திய சிம் இருந்தால் அதற்கும் ரீசார்ஜ் செய்துவிடுங்கள்.

ஒருங்கிணைப்பாளர்னு தனியா ஒருத்தர் எதுக்கு? எல்லாரும் சேர்ந்து செய்யலாமே?

ஒரே பிற்பகலில் நான்கு பேர் ஒரு ஃப்யூனரல் ஹோமை (உடலை வைத்திருந்து இறுதிச்சடங்குக்கு ஏற்பாடு செய்யும் நிறுவனம்) அழைத்து நான்கு விதமாகச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் சென்னைக்கு அனுப்பச் சொன்னார், ஒருவர் திருச்சி என்றார், ஒருவர் சனிக்கிழமை தகனம் என்றார். கடைசியில் அங்கிருந்த அலுவலர், ‘இறந்தவரின் மனைவி யார்? அவரிடம் பேச வேண்டும்’ என்று கேட்டார். அவர் உள்ளறையில் உட்கார்ந்திருந்தார்; அதுவரை அவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை.

வெளியே பேசுவதற்கு ஒருவர் இருப்பது அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். மனைவிக்குப் பதிலாக முடிவெடுப்பதற்கு அல்ல. அமெரிக்க மாநிலச் சட்டங்களில், கணவர் வேறொருவரை எழுத்தில் நியமிக்காதவரை, உடலை என்ன செய்வது என்று கையொப்பமிடும் முதல் உரிமை பொதுவாக மனைவிக்கே உரியது. ஒருங்கிணைப்பாளர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, யாரோடு எப்போது என்ன பேசினார் என்று எழுதி, ஒவ்வொரு மாலையும் அதை அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். முதல் இரண்டு நாள் எதுவும் அவர் மனதில் பதியாது. பிற்பாடு அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

உடலை எப்ப குடுப்பாங்க? கேட்டா மெடிக்கல் எக்ஸாமினர்கிட்ட இருக்குன்னு சொல்றாங்க.

மருத்துவர் கண்காணிப்பில் இல்லாமல் திடீரென நேரும் மரணத்தை, கவுண்டியின் மெடிக்கல் எக்ஸாமினர் அல்லது கொரோனர் விசாரிப்பார். பிரேதப் பரிசோதனை தேவையா என்பதை அவரே தீர்மானிப்பார். குடும்பத்தின் ஒப்புதல் அதற்குத் தேவையில்லை. சமயக் காரணத்துக்காக மறுப்புத் தெரிவிக்கச் சில மாநிலங்களில் வழி உண்டு என்பதால், அப்படி எண்ணம் இருந்தால் உடனடியாகச் சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலும் சில நாட்களில் உடல் கிடைத்துவிடும். ஆனால் நச்சுப்பொருள் பரிசோதனை முடிவுக்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், இறப்புச் சான்றிதழில் காரணம் ‘நிலுவையில்’ என்றே முதலில் வரும். தகனத்துக்கும் பயணத்துக்கும் அது பொதுவாகத் தடையாவதில்லை; காப்பீட்டு நிறுவனம் இறுதிச் சான்றிதழுக்குக் காத்திருக்கக்கூடும். சான்றொப்பமிட்ட படிகளைப் பத்துக்குக் குறையாமல் வாங்கச் சொல்வேன். ஒவ்வோர் அலுவலகமும் அசலைக் கேட்கும். சில திருப்பித் தருவதில்லை.

ஃப்யூனரல் ஹோமை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

1984 முதல் நடைமுறையில் உள்ள கூட்டரசு விதியின்படி, தொலைபேசியில் கேட்டாலும் விலையைச் சொல்ல வேண்டும். நேரில் போனால் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியலைத் தர வேண்டும். அதனால் மூன்று இடங்களையாவது அழைத்துக் கேளுங்கள். வேண்டாதவற்றையும் சேர்த்த தொகுப்பை முதலில் நீட்டுவார்கள். பட்டியலைக் கேட்டு வாங்கினால் தொகை கணிசமாகக் குறையும்.

விலையைவிட முக்கியமான கேள்வி, ‘இதற்கு முன் இந்தியாவுக்கு உடலை அனுப்பியிருக்கிறீர்களா?’ என்பது. அனுப்பிப் பழகியவர்களுக்குத் தூதரகத்தின் தாள்களும் விமானச் சரக்குப் பிரிவும் அத்துப்படி. இங்கேயே தகனம் என்றால், உடலைக் குளிப்பாட்டிக் கோடி உடுத்தக் குடும்பத்தை அனுமதிப்பார்களா, கூடத்தில் எவ்வளவு நேரம் தருவார்கள் என்று கேளுங்கள்.

சர்டிபிகேட்ல பேரை எப்படிப் போடணும்? இனிஷியல் பிரச்சனை வருது.

கடவுச்சீட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, அப்படியே. நம் பெயர்களில் அப்பா பெயர் ஓரிடத்தில் முன்னால் வரும், ஓரிடத்தில் பின்னால் வரும். அலுவலகத்தில் ஒரு பெயர், ஓட்டுநர் உரிமத்தில் ஒரு பெயர் இருக்கும். ஃப்யூனரல் ஹோமில், பக்கத்தில் நிற்கும் நண்பர் சொல்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்துவிடுவார்கள். பதிவான பிறகு திருத்த வாரங்கள் ஆகும். பெயர் பொருந்தாவிட்டால் தூதரகத்திலும் பிறகு காப்பீட்டிலும் நின்றுபோகும். அனுப்பும் முன் வரைவைக் கேட்டு வாங்கி, கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே பலர் விழிப்பார்கள். தாயாரின் பெயரோடு அவருடைய அப்பா பெயரைப் போட்டால் போதும்.

ஊருக்கு அனுப்புறதா, இங்கேயே தகனமா? யார் முடிவு பண்றது?

மனைவி. கையொப்ப உரிமை யாருக்கு என்று மேலே சொன்னதுதான் இதற்கும் விடை. பெற்றோர் மகனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்பார்கள். அதற்கு மறுபேச்சுச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் உடலோடு அவர் போனால் என்ன ஆகும் என்பதை (அடுத்த கேள்விக்கு அடுத்தது) அறிந்த பிறகே அவர் முடிவெடுக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

இந்தியாவுக்கு அனுப்ப என்னென்ன வேணும்?

இறப்புச் சான்றிதழ், உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்று, தொற்றுநோய் இல்லை என்ற கடிதம், பெட்டியில் உடலைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற ஃப்யூனரல் ஹோமின் உறுதிமொழி, ரத்து செய்வதற்காக இறந்தவரின் அசல் கடவுச்சீட்டு ஆகியவற்றைக் கொடுத்து, இந்தியத் துணைத் தூதரகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். எந்தத் துணைத் தூதரகம் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. மரணத் தேவைகளுக்கென அவசர எண் வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளிலும் அழைக்கலாம். செலவுக்கு வழியே இல்லாத நிலையில், 2009 முதல் இருந்துவரும் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவ முடியுமா என்று அங்கேயே கேட்கலாம். குடும்பத்தின் நிலையைப் பார்த்துத்தான் தருவார்கள்.

அஸ்தியை எடுத்துச் செல்வது எளிது என்றாலும் அதற்கும் தகனச் சான்றும் தூதரகத் தாளும் வேண்டும். உலோகக் கலசம் வேண்டாம். விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர்கள் அஸ்திப் பாத்திரத்தை, நாமே கேட்டாலும் திறக்க மாட்டார்கள்; எக்ஸ்ரேயில் உள்ளே தெரியாவிட்டால் ஏற்ற விடமாட்டார்கள். மரம் அல்லது பிளாஸ்டிக் போதும்.

அவங்களும் உடலோட போயிட்டுக் காரியம் முடிச்சுட்டு வந்துடலாம்ல?

இந்தப் பக்கம் முழுவதிலும் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். எச்-4 என்பது எச்-1பி வைத்திருப்பவரைச் சார்ந்த நிலை. அவர் இறந்ததும் அந்தச் சார்பு அறுந்துவிடுகிறது. கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவில் இன்னும் இரண்டு ஆண்டு மீதம் இருப்பதாகத் தேதி காட்டினாலும், அதை வைத்துத் திரும்பி நுழைய முடியாது. போனால், வீடு, கார், குழந்தையின் பள்ளி எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போனதாக ஆகிவிடலாம்.

2017 பிப்ரவரி 22 அன்று கன்சஸ் மாநிலத்தின் ஓலேத்தி நகரில் சீனிவாஸ் குச்சிபோட்லா என்ற ஐதராபாத் பொறியாளர் இனவெறியால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவி சுனயனா துமாலா இறுதிச்சடங்குக்காக இந்தியா போனபோதுதான், கணவரோடு தன் குடியேற்ற நிலையும் போய்விட்டது என்பது வெளியே தெரிந்தது. உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினர் கெவின் யோடர் தலையிட்டுத் தற்காலிகமாகத் திரும்பி வர உதவினார். நாடே பேசிய வழக்கு என்பதால் அது நடந்தது. செய்தித்தாளில் வராத குடும்பங்கள் அப்படி ஒன்றை எதிர்பார்த்துப் பயணச்சீட்டு வாங்கக் கூடாது.

எனவே பயணத்துக்கு முன் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரமாவது பேசவையுங்கள். எல்லாம் கேட்ட பிறகும் ‘நான் போகிறேன், திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை’ என்று அவர் சொன்னால் அது அவருடைய முடிவு. அப்போது நம் வேலை வீட்டைக் காலி செய்வதும் கணக்குகளைச் சரிபார்ப்பதும்தான்.

போகலைன்னா இங்க எத்தனை நாள் இருக்கலாம்?

வேலை நின்றுபோனால் 60 நாள் வரை, அல்லது ஐ-94 (நாட்டில் தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் பதிவு) முடியும் தேதி வரை, எது முந்தியதோ அதுவரை அவகாசம் என்று ஒரு விதி இருக்கிறது. சார்ந்தவர்களுக்கும் அது உண்டு. எழுதப்பட்டது வேலை நின்றவர்களுக்காக. மரணம் என்று அதில் சொல் இல்லை. ஆகவே 60 நாளை உறுதியான உரிமையாக எண்ணி ஐம்பத்தெட்டாம் நாள்வரை இருந்துவிடாமல், முதல் இரண்டு வாரங்களுக்குள் வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

வழக்கமான முதல் படி, ஐ-539 படிவம் வழியே பார்வையாளர் நிலைக்கு (பி-2) மாற விண்ணப்பிப்பது. காலத்தில் விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை தங்கியிருக்கலாம். வேலை செய்ய முடியாது. நடுவில் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். படிக்கச் சேர்ந்தால் மாணவர் விசா, வேலை கிடைத்தால் சொந்தமாக எச்-1பி என்று அதற்குப் பின் வழிகள் உள்ளன. முன்பு எப்போதாவது எச்-1பியில் இருந்து, அதற்கான ஆறாண்டு வரம்பு முடியாமல் எச்-4க்கு மாறியவராயின், எச்-1பிக்கான ஆண்டுக் குலுக்கலுக்குப் போகாமலே மீதிக் காலத்தைப் பெற வாய்ப்புண்டு. பெண்கள் பலர் இதை அறியாமலே ஊர் திரும்பியிருக்கிறார்கள். எச்-4 வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவரும், அட்டையின் தேதியை நம்பி அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடக் கூடாது. அந்த அனுமதி எச்-4 நிலையைச் சார்ந்தது.

குழந்தை அமெரிக்கக் குடிமகன்தானே? அம்மாவுக்கு அதை வச்சுத் தங்க வழி இல்லையா?

இல்லை. பெற்றோருக்காகப் பிள்ளை மனுச் செய்ய 21 வயதாக வேண்டும். மாறாக, ஊருக்குப் போவதென்றால் அந்தக் குழந்தைக்குத்தான் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை) அல்லது இந்திய விசா வேண்டும். குழந்தைக்குக் கடவுச்சீட்டே எடுக்கவில்லை என்றால், பெற்றோர் இருவரின் ஒப்புதலுக்குப் பதிலாகத் தந்தையின் இறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

அவருக்கு ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்துச்சு. கிரீன் கார்டு வரிசை அவ்வளவுதானா?

ஐ-140 என்பது கிரீன் கார்டுக்காக நிறுவனம் தாக்கல் செய்யும் மனு. அவ்வளவுதான் என்று பலரும் நினைத்து அந்தத் தாளைத் தேடுவதே இல்லை. 2009 அக்டோபர் 28 முதல், குடியேற்றச் சட்டத்தின் 204(எல்) பிரிவு இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு வழியைத் திறந்திருக்கிறது. மரணத்தின்போது ஐ-140 நிலுவையிலோ ஒப்புதல் பெற்றோ இருந்து, மனைவியும் பிள்ளைகளும் அப்போது அமெரிக்காவில் வசித்து, தொடர்ந்தும் வசித்தால், அந்த மனுவின் பலன் அவர்களுக்குக் கிடைக்கச் செய்யும்படி கேட்கலாம். கிரீன் கார்டுக்கான இறுதி விண்ணப்பமான ஐ-485 முன்பே தாக்கலாகியிருந்தால் நிலைமை இன்னும் நல்லது.

ஆனால் இந்தியர்களுக்கான வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்வது. அந்தப் பிரிவு வரிசையில் இடத்தைக் காக்குமே தவிர, காத்திருக்கும் காலத்தில் இங்கே தங்கும் உரிமையைத் தானாகத் தராது. அதற்கு, எத்தனை நாள் இருக்கலாம் என்ற கேள்விக்கான பதிலில் சொன்ன வழிகளில் ஒன்று வேண்டும். ‘தொடர்ந்து வசித்தல்’ என்ற நிபந்தனையும் உடலோடு போவதா என்ற முடிவைத் தொடுகிறது. இதில் பழக்கமுள்ள வழக்கறிஞரைத் தேடுங்கள். எச்-1பி மட்டும் பார்ப்பவர்களில் சிலருக்கு இந்தப் பிரிவே பரிச்சயமில்லை.

ஊர்ல இருந்து அப்பா அம்மாவை உடனே வரவழைக்க முடியுமா?

பெற்றோரிடம் கடவுச்சீட்டு இருந்தால் முயலலாம். பார்வையாளர் விசாவுக்கு முதலில் கிடைக்கும் தேதியில் பதிவு செய்துவிட்டு, நெருங்கிய உறவினரின் இறுதிச்சடங்கு என்று அவசர நேர்காணல் கேட்க வேண்டும். இறந்தவரின் விவரமும் சடங்கு நாளும் எழுதிய ஃப்யூனரல் ஹோமின் கடிதம் தேவைப்படும். வருபவர் அழ மட்டும் வரவில்லை, அடுத்த இரண்டு மாதம் மகளுக்குத் துணையாகவும் இருப்பார் என்பதால், மாமியாரா தாயாரா, யாரை முதலில் அழைப்பது என்பதையும் மனைவியிடமே கேளுங்கள்.

நிதி திரட்டுறதை எப்படிச் செய்யணும்?

ஒரே ஒரு திரட்டல். அதன் பயனாளி மனைவியே. கோஃபண்ட்மீ போன்ற தளங்களில், தொடங்குபவர் ஒருவராகவும் பணத்தை எடுப்பவர் வேறொருவராகவும் இருக்க வசதி உண்டு. அவர் தன் வங்கிக் கணக்கை நேரடியாக இணைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு நன்கொடையிலும் 2.9 விழுக்காடும் 30 சென்ட்டும் கழியும். இது தனி மனிதருக்குத் தரும் அன்பளிப்பு. தருபவருக்கு வரிவிலக்கு கிடையாது, பெறுபவருக்குப் பொதுவாக வருமான வரியும் கிடையாது.

எங்கள் ஊரில் ஒருமுறை கல்லூரி நண்பர்கள் ஒன்றும் அலுவலக நண்பர்கள் ஒன்றுமாக இரண்டு திரட்டல்களைத் தொடங்கினார்கள். ஒன்றின் பணம் நண்பரின் கணக்கில் இரண்டு மாதம் கிடந்தது. அவர் ஒரு காசும் எடுக்கவில்லை, கணக்கும் வைத்திருந்தார். இருந்தும் இன்றுவரை அவரைப் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தவர் பணம் நம் கணக்கில் ஒரு நாள்கூட இருக்க வேண்டாம் என்று அன்றுமுதல் சொல்லிவருகிறேன். குழந்தைகளின் படத்தையும் மரணத்தின் காரணத்தையும் தாயின் அனுமதியில்லாமல் திரட்டல் பக்கத்தில் போடாதீர்கள்.

நல்ல சம்பளத்துல இருந்தவர்தானே, இதுக்கு எதுக்கு வசூல்?

இந்தக் கேள்வியைத் தயக்கத்தோடு கேட்பவர்களும் உண்டு, நக்கலாகக் கேட்பவர்களும் உண்டு. சம்பளம் நின்றுவிட்டது, மனைவிக்கு வேலை அனுமதி இல்லை, கணவரின் தனிக் கணக்கு முடங்கியிருக்கிறது, காப்பீட்டுப் பணம் இறுதிச் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறது, வாடகை முதல் தேதி வந்துவிடும். பணம் இல்லாத குடும்பம் அல்ல, கைக்கு எட்டும் பணம் இல்லாத குடும்பம். அதே சமயம், அடுத்த பதிலில் உள்ளவற்றைக் கணக்குப் பார்த்து, மூன்று நான்கு மாதத் தேவைக்கு ஏற்ற தொகையைச் சொல்வதே முறை. வேண்டாம் என்று அவர் சொன்னால் திரட்டவே கூடாது.

ஆபீஸ்ல இருந்து என்னென்ன வரும்?

கடைசிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான தொகை, குழுக் காப்பீடு (பல நிறுவனங்களில் ஓராண்டு அல்லது ஈராண்டுச் சம்பளம்), 401(கே) ஓய்வூதியச் சேமிப்பு, உரிமையான பங்குகள். 401(கே)யில் மனைவி எழுத்தில் விட்டுக்கொடுக்காவிட்டால், சட்டப்படி பொதுவாக அவருக்கே சேரும். குழுக் காப்பீடு அப்படியல்ல. படிவத்தில் யார் பெயரோ அவருக்குத்தான். திருமணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்து, அப்பா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டவர்கள் நம்மில் ஏராளம். இதைப் படிக்கும் நீங்களும் இன்றிரவு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை, 20 பேருக்குக் குறையாத நிறுவனமாயின், கோப்ரா சட்டப்படி மனைவியும் பிள்ளைகளும் 36 மாதம் வரை தொடரலாம். முழுக் கட்டணமும் அவர்களுடையது என்பதால் சுமைதான். தேர்ந்தெடுக்க 60 நாள் அவகாசம். அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியில் ஒருமுறைத் தொகை 255 டாலர் என்பதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அலுவலகத்துக்கே போகாதவர்கள் உண்டு. அது தவறு. இறப்பதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் ஒன்றரை ஆண்டு வேலைக்கான வரவுகள் இருந்தாலே, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகை பெற வாய்ப்புண்டு. ஊர் திரும்புவதாக இருந்தால், வெளிநாட்டில் அது யாருக்குத் தொடரும் என்ற விதிகளை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். குடியுரிமையைப் பொறுத்து மாறும்.

கிரெடிட் கார்டு கடனை அவங்கதான் கட்டணுமா?

கணவர் பெயரில் மட்டும் இருந்த கடனுக்குப் பொதுவாக மனைவி பொறுப்பல்ல. அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் அது தீர்க்கப்படும். கூட்டுக் கணக்குகளும், டெக்சஸ், கலிபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா உள்ளிட்ட தம்பதியர் பொதுச்சொத்து மாநிலங்களும் இதற்கு விலக்கு. வசூல்காரர்கள் அழைத்தால் ‘எழுத்தில் அனுப்புங்கள்’ என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கணவரின் தனிக் கணக்கிலிருந்து ஏடிஎம் அட்டையில் பணம் எடுத்துக் கொடுக்கும் ‘உதவி’யை யாரும் செய்ய வேண்டாம், பிற்பாடு சிக்கலாகும்.

சாப்பாடு கொண்டு போகலாமா?

அட்டவணை போட்டு, ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஒருமுறை நான் போனபோது குளிர்பெட்டியில் ஐந்து சாம்பார் இருந்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியிலும் கொடுத்தவர் பெயர் ஒட்டியிருந்தது. அந்த வீட்டுச் சிறுவன் பத்து நாளும் தயிர்சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் தவிர எதையும் தொடவில்லை. திருப்பித் தர வேண்டாத டப்பாவில் கொடுங்கள். யார் பாத்திரம் எது என்று பிரிக்கும் வேலையை அவருக்கு வைக்காதீர்கள்.

சாங்கியம் எல்லாம் இங்க செய்ய முடியுமா?

வாய்க்கரிசி போடலாம், கோடி போர்த்தலாம், மாலையிடலாம். நெய்ப்பந்தம், கற்பூரம் போன்றவற்றுக்குக் கட்டடத்துக்குள் பெரும்பாலும் அனுமதி இல்லை. வாசலில் ஏற்ற விடுவார்களா என்று முன்பே கேளுங்கள். கொள்ளி வைப்பதற்குப் பதிலாகத் தகன எந்திரத்தின் பொத்தானை மகனோ சகோதரரோ அழுத்தப் பல இடங்களில் விடுகிறார்கள். கடலில் அஸ்தி கரைக்க, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் போக வேண்டும். இஸ்லாமியக் குடும்பமாயின் பள்ளிவாசலை உடனே தொடர்புகொள்ளுங்கள்; அவர்கள் அடக்கத்தை நம்மைவிட வேகமாகச் செய்துமுடிப்பார்கள்.

தாலி கழற்றுவது, பொட்டு அழிப்பது பற்றிக் காணொளி அழைப்பில் ஊரிலிருந்து உத்தரவுகள் வரும். எந்தச் சடங்கு வேண்டும், எது வேண்டாம் என்று அவரைத் தனியே அழைத்து ஒரு தோழி கேட்கட்டும். அவர் சொன்னதை ஒருங்கிணைப்பாளர் எல்லோருக்கும் சொல்லட்டும். அவர் வாயால் மாமியாரிடம் மறுக்கும் நிலையை அவருக்கு உண்டாக்க வேண்டாம்.

எப்படி இறந்தார்னு எல்லாரும் கேக்குறாங்க. என்ன சொல்றது?

‘விசாரணை முடியவில்லை, குடும்பம் சொல்லும்போது தெரியும்’ என்பது போதும். தற்கொலையாக இருந்தாலும் இதே பதில்தான். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்கும், உதவி செய்து மனம் கலங்கியவர்களுக்கும் 988 என்ற மனநல உதவி எண் எந்நேரமும் உண்டு.

ஊர்ல இருக்கிற ஃப்ளாட் யாருக்கு? மாமனார் வீட்ல வேற மாதிரி பேசுறாங்க.

உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும்; இவர்கள் இருக்கும்போது தந்தைக்குப் பங்கில்லை. மகன் அனுப்பிய பணத்தில் வாங்கியது என்று அவர்களும், எல்லாம் எனக்கே என்று இவரும் நினைத்திருக்கலாம், இரண்டுமே சரியல்ல. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்க, அமெரிக்க இறப்புச் சான்றிதழில், அது வழங்கப்பட்ட மாநிலத்தின் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் சான்று) பெற்று அனுப்ப வேண்டும். முத்திரையை வாங்கிக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது. பங்கு பற்றிய பேச்சில் சங்கத்தின் பெயரில் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது.

பதினாறாம் நாளுக்கு அப்புறம் நாங்க என்ன செய்யணும்?

வாசலில் செருப்புக் குவியல் குறைந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. நிலை மாறியதால் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகலாம். சிலருக்கு ஓட்டவே தெரியாது. பள்ளி, மருத்துவர், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், வழக்கறிஞர் என்று கார் தேவை ஓயாது. ஆறு மாதத்துக்கு வாரம் ஒருவர் என்று பெயர் எழுதுங்கள். ‘ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டு வந்தால் அவர் கூப்பிட மாட்டார். குடியேற்ற விண்ணப்பம் இழுத்தால், அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் விசாரித்துத் தருவார்கள்; குடியுரிமை தேவையில்லை, அவருடைய கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் மட்டும் வேண்டும்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 15க்குள் வருமான வரிக் கணக்கைக் கொடுக்க வேண்டும். இறந்த ஆண்டுக்கு மட்டும் கணவரோடு சேர்த்துக் கூட்டாகத் தாக்கல் செய்ய இடமுண்டு. இத்தனை ஆண்டும் அதைக் கணவரே தன் மடிக்கணினியில் செய்திருப்பார். கடந்த ஆண்டுக் கணக்கின் படி எங்கே இருக்கிறது என்று பிப்ரவரியிலேயே ஒருவர் அவரோடு உட்கார்ந்து தேடட்டும். கடவுச்சொல்லை மீட்க, முதல் நாள் சார்ஜில் போட்டுவைத்த அந்தக் கைப்பேசி மறுபடியும் தேவைப்படும்.